மீதி ஒன்று

இந்த ஊருக்கு இரண்டு பெயர்,
பீல் என்றும் பியேன் என்றும்.
தெருமுனைப் பலகையில் ஜெர்மன் ஒரு வரி, பிரெஞ்சு ஒரு வரி.
எந்த வரியை வாசித்துவிட்டு ஏறினாலும்
ரயிலடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு
பஸ்ஸில் பதினொரு நிமிடம்தான்.

அங்கே நிலவறைச் சலவைக்கூடத்தில் மூன்று பேர்:
குகதாசன், கொசோவாக்காரன் பெசிம், நான்.
மலைக்கு அந்தப்பக்கம்
கடிகாரச் சுருள்வில் செய்கிற கம்பனி ஒன்று.
பங்கு எட்டாயிரத்து நானூறு பிராங்.
தனியாக வாங்க ஒருவருக்கும் வக்கில்லை.
ஆளுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு போட்டு
ஒன்றே ஒன்று வாங்கினோம்.
படுக்கைவிரிப்புக் கணக்குத் தாளின் பின்பக்கம்
எங்கள் ஒப்பந்தம்,
மூன்று கையெழுத்து, ஒரு ஈரக் கறை.

விற்றால் முழுதாக விற்க வேண்டும்.
பெசிமின் மகளுக்குக் கல்யாணம் வந்தது,
குகதாசனின் காருக்கு கிளட்ச் போனது,
எனக்குப் பல்.
ஒருவன் ஓம் என்ற நாளில்
மற்றவன் பொறு என்பான்.
ஒரு குளிர்காலம் விலை ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு விழுந்தது;
எங்களுக்கு அது தெரிய வந்தபோது
ஏரிக்கரையில் மரங்கள் துளிர்த்து,
விலையும் ஏறிவிட்டிருந்தது.

ஆண்டுக்கொருமுறை லாபப்பங்கு நூற்றெண்பது.
வரி பிடித்தது போக நூற்றுப் பதினேழு.
சரியாக மூன்று தட்டு ஏரிமீன்.
முள்ளை ஒதுக்கியபடி
நாங்கள் முதலாளிகளாக இருந்த மத்தியானங்கள் அவை.

பிறகு கடிதம் வந்தது: ஒன்று இனிப் பத்து.
குகதாசன் கையுறையோடு ஓடி வந்தான்,
"பத்தாப் போச்சு, பத்தாப் போச்சு" எண்டு.
அன்று விலை ஒன்பதாயிரத்து அறுநூறு,
மறுநாள் தொள்ளாயிரத்து அறுபது.
வங்கியில் ஃப்ராவ் ஏபி சிரிக்காமல் சொன்னாள்:
"விலையில் இருந்த சைபர்
எண்ணிக்கைக்குக் குடிபோயிருக்கிறது.
வேறொன்றும் நடக்கவில்லை."

வேறொன்று நடந்தது.
நூறு பிராங் தாளாக இருக்கும்வரை
பர்சில் கிடக்கும்;
மாற்றிய அன்றைக்கே கரையும்.
ஆளுக்கு மூன்று என்று பிரித்துக்கொண்டோம்,
அவரவர் பெயருக்கு, அவரவர் போனுக்கு.
மடிக்கும் மேசையில் வெள்ளைத் துணிகளுக்கு நடுவே
மூன்று திரைகள் மினுங்கின.
ஆயிரத்துக்குக் கீழே என்றதும் ஊரே வாங்கியது,
மலிவாம்.
ஆயிரத்துப் பத்தில் குகதாசன் இரண்டைத் தள்ளினான்.
நான் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் ஒன்றை விற்றுப்
பல் கட்டினேன்.
பெசிம் ஆயிரத்து நாற்பதில் இன்னும் இரண்டு வாங்கினான்,
அது தொள்ளாயிரத்து முப்பதுக்கு இறங்கியபோது
எங்களிடம் சொல்லவில்லை.

நான் விற்றது குகதாசனுக்குக் கோபம்.
அவன் விற்றது எனக்கு.
முன்பு எங்களுக்கு இருந்தது பங்கு;
இப்போது நாங்கள் பங்காளிகள்.
உலர்த்தியின் இரைச்சலில் பேசாதிருப்பது சுலபம்.

ஆனால் பத்தை மூன்றால் வகுத்தால்
ஒன்று மிஞ்சுகிறது.
அதை விற்றுப் பிரிக்கலாம் என்றேன்.
குகதாசன் பொறு என்றான்.
போன மாதம் நான் பொறு என்றேன்.
பெசிம் அந்தக் கணக்குத் தாளை
அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறான்,
ஒன்பதை அடித்து, ஒன்றை விட்டு.

இந்த வசந்தத்தில் அந்த ஒன்றுக்கு லாபப்பங்கு பதினெட்டு,
வரி போகப் பதினொன்று எழுபது.
ஏரிக்கரைக்கு எதற்குப் போனோம் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கோப்பி நான்கு எண்பது.
இரண்டு சொன்னோம்.
பெசிம் கையை உயர்த்திப்
பரிசாரகியிடம்
வெறும் கோப்பை ஒன்று கேட்டான்.