நீலம், கடனில்

ஹால்வர்ட் நெஸ்ஹைம் பெயரில்
என் கணக்குப் புத்தகத்தில் பதினொரு பக்கங்கள்.
முதல் வருடம் கரும்பச்சை, கருநீலம், வெள்ளை.
ஆணியும் கீலெண்ணெயும் விற்கும் கடையில்
யாரும் கேட்காத நிறங்கள்.
வின்னிபெக்கிலிருந்து வரவழைத்தேன்.

ஆளி எண்ணெய் கொடுக்கப் போனபோதுதான் பார்த்தேன்:
சஸ்காச்சுவானில் உட்கார்ந்துகொண்டு
நார்வேயின் மலைகளை வரைகிறான்,
ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி.

மலை விற்கவில்லை.
தானியக் கிடங்குகளின் நெற்றியில்
ஆளுயர எழுத்துகள் எழுதப் போனான்,
எழுத்துக்கு இருபது சென்ட்.
கயிற்றில் தொங்கியபடிதான் முதன்முதலாய்
இந்தச் சமவெளியை நேருக்கு நேர் பார்த்தானாம்.
"சாய்ந்துகொள்ள ஒன்றுமே இல்லை" என்றான் இறங்கி வந்து.
கண்ணைச் சொன்னான் என்பது
எனக்குப் பிறகுதான் விளங்கியது.
அந்த வாரம் காவிமஞ்சள் நான்கு குழாய்.
வான நீலம் ஒன்பது.

ஒனுஃப்ரி ஹ்ரின்சுக் தன் நூற்றறுபது ஏக்கரை
வரைந்து தரச் சொன்னான்.
கூலி ஒரு பன்றித் தொடை, இரண்டு மூட்டை நிலக்கரி.
என் கடை மேசையில்தான் பிரித்தார்கள்.
அடியில் விரலகலத்துக்குக் கோதுமை.
மற்றதெல்லாம் வானம்.
"நான் கூலி பேசியது நிலத்துக்கு" என்றான் ஒனுஃப்ரி.
"இதில் என்னுடையது இவ்வளவுதானா?"
ஹால்வர்ட் தூரிகைக் காம்பால் அளந்து பார்த்தான்.
"அளவு சரிதான்."
தொடையில் பாதிதான் வந்தது.

பிறகு மழை நின்றுபோனது.
பட்டப்பகலில் விளக்கேற்றிக் கடை நடத்திய வருடங்கள்.
ஈரப் பெயின்டில் புழுதி வந்து அப்பும்;
அவன் துடைக்கவில்லை.
காவிமஞ்சள் இனி வேண்டாம், காற்றே கொண்டுவருகிறது என்றான்.
சிரித்தானோ என்னவோ,
வாயில் துணி கட்டியிருந்தான்.

வங்கி ஒனுஃப்ரியின் நிலத்தை எடுத்துக்கொண்ட ஏப்ரலில்
பெட்ரோல் போட அவன் வண்டி நின்றது.
அடுப்பு, தையல் இயந்திரம்,
கோழிக்கூண்டுக்கும் மெத்தைக்கும் நடுவே
அந்தப் படம்.
சட்டத்தின் அடிக்கட்டையை
ஓர் அங்குலம் ஏற்றி அடித்திருந்தான்.
கோதுமை தெரியவில்லை.
நான் எதுவும் கேட்கவில்லை,
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

ஹால்வர்ட் செத்து ஆறு வருடம் கழித்து
ரெஜைனாவில் கண்காட்சி வைத்தார்கள்.
டை கட்டிய ஒருவர் என்னைத் தேடி வந்தார்.
"அந்த நீலம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது?"
கேள்வியில் ஏதோ பெரிதாக இருந்திருக்க வேண்டும்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டார்.
புத்தகத்தைப் புரட்டிக் காட்டினேன்.
இரண்டு டாலர் நாற்பது சென்ட்,
இன்னும் பாக்கி.

அந்த வரியை நான் அடிக்கவில்லை.
இருக்கட்டும்.