வகுப்பு 114: அலங்கரித்த கேக்

உள்ளே ரெஜிபோம் கட்டை வைக்கலாம் என்கிறது விதிப் புத்தகம்.
நடுவர்கள் வெட்டமாட்டார்கள், ருசிக்கமாட்டார்கள்,
பார்ப்பார்கள், அவ்வளவுதான்.
வேலை மிச்சம் என்றாள் சுகிர்தா.
எனக்கு மனம் வரவில்லை.
கேக் என்று பேர் பதிந்துவிட்டு
மீன் பெட்டிக் கட்டைக்கு உடுப்புப் போடுவதா?

ரவையை வறுத்தேன். கஜுவைக் கொத்தினேன்.
இருபது முட்டையின் மஞ்சள் கரு,
ஏலம், தேன், பன்னீர்.
மூஸ் ஜாவில் ஜூலை, முப்பத்து மூன்று பாகை வெயில்,
ஒருவரும் தின்னப்போகாத லவ் கேக்
இரண்டு மணித்தியாலம் அடுப்பில் கிடக்க
வீடும் சேர்ந்து வெந்தது.

பள்ளிக்கூடம் பூட்டு. என் பஸ் யார்டில் தூங்குகிறது.
ஸ்டியரிங் இல்லாத கைகளுக்கு ஐசிங் பை.
பேஸ்மென்ட் குளிர்பெட்டியில் கேக்குக்கு இடம் வேண்டும் என்று
விளைமீனும் ஆட்டிறைச்சியும்
பக்கத்து வீட்டுக்கு அகதியாய்ப் போயின.

இந்த வருடத் தலைப்பு: எங்கள் கோடை.
பள்ளிக்கூட நாளில் தினமும் இருமுறை கடக்கிற
கனோலா வயலை எடுத்துக்கொண்டேன்.
கடுகுக்கு நெருங்கிய சொந்தம் அது,
பூவுக்கு நாலே இதழ்.
முதல் நாள் பிழிந்த மஞ்சள் இரவோடு இரவாய் முற்றி
விடிய என் பஸ்ஸின் நிறமாய் நின்றது.
வழித்தெறிந்தேன். வெள்ளை கூட்டி மறுபடி கலக்கினேன்.
தொளாயிரம் பூ. அதற்குப் பிறகு எண்ணவில்லை.

செவ்வாய் இரவு வானம் பச்சையாய்ப் போனது.
பத்து நிமிடம்தான்,
கூரையில் யாரோ லொறி லொறியாய்க் கல் பறித்தமாதிரி.
காலையில் குளிர்பெட்டியைத் திறந்தேன்:
ஒரு இதழும் நோகவில்லை.
நெடுஞ்சாலைக்குப் போய்ப் பார்த்தேன்:
லைலின் வயல் முழுவதும் கிழக்கே தலைவைத்துப்
பாயில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை.
காரில் ஏசி முழுதாய், கேக்கைச் சுற்றி ஐஸ் பைகள்,
நான் கைக்குழந்தை ஏற்றிய வேகத்தில்.
தண்டவாளக் கடவையில் ஒரே ஒரு குலுக்கல்.
மூன்று வரிசைப் பூ கரைக்குச் சரிந்தது.

பொருள் ஏற்கும் மேசையில்
தொண்டர் அட்டை குத்திக்கொண்டு லைல்.
யார் இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்திருந்தேன்.
அவரை நினைக்கவில்லை.
கையில் அவருடைய வயல்,
மூட ஒரு துணிகூட இல்லை.

தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.
"இது என் வடக்குப் பக்கமா?"
"ஓம். பஸ்ஸிலிருந்து தெரிகிற பக்கம்."
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பது நாற்பது.
திருத்துவதற்குப் பத்து மணிவரை நேரம்.
தட்டை இரண்டு கையாலும் பிடித்தார்,
அசையாமல்.

நான் நட்டேன்.
நடுங்கியது என் கைதான்.
"அந்த மூலையில் ஒன்று குறையுது" என்றார். வைத்தேன்.
"இங்கேயும்." வைத்தேன்.
ஊறுகாய்ப் போத்தலோடு பின்னால் நின்ற பெண்
இருமுறை செருமினாள்.
அவர் திரும்பவில்லை.

மூன்றாம் இடம். வெள்ளை ரிப்பன்.
நிறம் நன்று, தண்டு சற்றுத் தடிப்பு என்று
நடுவர் பென்சிலால் எழுதியிருந்தார்.
முதலிடம் ஒரு கவ்போய் சப்பாத்துக்கு.
உள்ளே ரெஜிபோம், எனக்குத் தெரியும்,
தூக்கின கையைப் பார்த்தேன்.

நாலாம் நாள் திருப்பித் தந்தார்கள்.
ஐசிங் சுண்ணாம்பாய் இறுகியிருந்தது.
வாகனத் தரிப்பிடத்தில், லைலின் டிரக் மூஞ்சியில் வைத்து,
சுகிர்தா கத்தியை ஊன்றினாள்.
பூக்கள் நொறுங்கின, படபடவென்று.
அதற்குக் கீழே கத்தி தானாய் இறங்கியது:
ஈரம், ஏலம், பன்னீர்.

ஒரு கடி கடித்து வெகுநேரம் மென்றார் லைல்.
"என் தாயின் சோப்பு வாசம்" என்றார்,
மற்றத் துண்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு.