பன்னிரண்டு எல்லாருக்கும் தெரியும்

முதல் பக்கத்தில் பன்னிரண்டு.
அது எல்லாருக்கும் தெரியும்,
நிறக்குருடு என்று எழுதப்படப் போகிறவனுக்கும்.
ஒரு மரியாதைக்கு வைத்திருக்கிறார்கள் போல.

"பன்னிரண்டு" என்றேன், கொஞ்சம் சத்தமாக.
வெளியே வாங்கில் இருந்த சாரதிமாருக்கும் கேட்டிருக்கும்.

கனரக லைசென்ஸ் புதுப்பிக்க
விடிய ஐந்து மணிக்கு வந்து எடுத்த துண்டு,
இலக்கம் ஏழு.
உயரம் பார்த்தார்கள். நிறை பார்த்தார்கள்.
பிறஷர் கூட, உப்பைக் குறை என்றார்கள்
உப்புவெளியில் இருப்பவனிடம்.
தூரத்து எழுத்தைக் கடைசி வரிவரை வாசித்தேன்.
"பருந்துக் கண்" என்றாள் தாதி.

பிறகுதான் அந்தப் புத்தகம்.

கிண்ணியா நஸ்மி இரண்டு தரம்
அதைப் பாடமாக்கித்தான் தப்பினவன்.
சிகரெட் பெட்டி அட்டையில் எழுதித் தந்தான்:
பன்னிரண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது,
ஐம்பத்தேழு, ஐந்து, மூன்று, பதினைந்து.
"ஓதுற மாதிரி ஓது மச்சான், படத்தப் பாக்காத."
மூன்று இரவு ஓதினேன்.
சீனன்குடா மா ஆலையில் மூட்டை எண்ணும்போதும்
எட்டுக்குப் பிறகு ஆறு வந்தது.

டொக்டர் நிரோஜினிக்கு என் தங்கச்சியின் வயது இராது.
இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை.
புத்தகத்தை நடுவில் பிரித்தாள்.

புள்ளிகள்.
பயறும் கொள்ளும் கௌபியும்
ஒரே சுளகில் கொட்டினாற்போல.
அதற்குள் ஓர் இலக்கம் இருக்கிறதாம்.

ஐம்பத்தேழு என்று சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனியில் நின்றது.
அப்போது பார்த்து அந்தச் செருப்பு வந்தது.

போன மாரி, ஹபரணைக் காட்டு றோட்டு,
இரவு இரண்டு மணி.
பழுதாகி நின்ற உழவு மெசின், பின்னால் பெட்டி.
விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்ததாம்.
'இவ்வளவு பெரிய சிவப்பு!' என்று
பிறகு சிங்களத்தில் கத்தினார்கள்.
எனக்கு அது இருட்டோடு இருட்டு.
நான் கண்டது
பெட்டிக்குக் கீழே நீட்டிக் கிடந்த இரண்டு கால்,
ஒரு செருப்பின் வெள்ளை வார்.
வெள்ளை எனக்குத் தெரியும்.
ஸ்டியரிங்கை வெட்டினேன்.
ஒன்பது மூட்டை வெடித்து றோட்டெல்லாம் மா.
அந்த மனிசன் ஊர்ந்து வெளியே வந்து
மாவுக்குள் நின்று
என்னைக் கும்பிட்டான்.

முதலாளிக்கு யானை என்று சொன்னேன்.
ஹபரணையில் யானையை யாரும் சந்தேகிப்பதில்லை.

"என்ன இலக்கம்?" இரண்டாம் தரம் கேட்டாள்.
"தெரியேல்லை."
அடுத்த பக்கம். "தெரியேல்லை."
அடுத்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"சந்தியில லைட்டை எப்பிடிப் பாப்பீங்கள்?"
"மேல எரிஞ்சா நிப்பன், கீழ எரிஞ்சா போவன்."
அவள் சிரிக்கவில்லை.
"ஒற்றை விளக்கெண்டா?"

அதற்குச் சுஜீவன் இருக்கிறான் என்று சொல்லவில்லை.
ஒன்பது மாதமாகப் பக்கத்துச் சீற்றில் இருந்து
"அண்ணை சிவப்பு, அண்ணை சிவப்பு" என்கிற கிளீனர்.
நித்திரை வராமலிருக்க விளையாட்டு என்று
நான்தான் பழக்கினேன்.
அவன் அதை இன்னும் விளையாட்டு என்றே நம்புகிறான்.

பேனையை மூடினாள். பிறகு திறந்து எழுதினாள்.
கார் ஓடலாமா என்பதை வேறாகப் பார்ப்பார்களாம்,
லொறி இல்லை, பஸ் இல்லை.
எனக்குக் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன்.
வீட்டு வாடகைதான் வந்தது,
மகனின் ரியூசன் காசு வந்தது,
மறுபடி அந்த வார்.

வெளியே வெயில்.
லொறிக்குள் ஏறி, பழக்கத்தில்
என் பக்கமே இருந்தேன்.
படிவத்தைச் சுஜீவனிடம் நீட்டினேன்.
"முத்திரை என்ன நிறத்தில அடிச்சிருக்கு?"
"சிவப்பண்ணை."
கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

பின்னால் நானூறு மூட்டை மா.
பின்னேரத்துக்குள் மாத்தளையில் இறக்க வேண்டும்.
அவனுக்கு லைசென்ஸ் இல்லை.
திறப்பு என் கையில்.
கோணேசர் கோயில் பக்கம் போகிற
சுற்றுலா பஸ் ஒன்று பின்னால் நின்று
ஹோர்ன் அடித்தது, ஒருதரம்,
பிறகு விடாமல்.