சேணம்

தக்கலைச் சந்தை முழிக்க இன்னும் ஒரு மணி நேரம்.
தெர்மாக்கோல் பெட்டியோடு நிற்கிறேன்,
உள்ளே ஐஸ் உடைந்து நகரும் சத்தம்.
மாகீன் காக்கா தலைகளை எடுத்து வைத்திருக்கிறார், ஏழு.
ஒன்றின் வாயில் இன்னும் பலா இலை.

மண்டையை அவர் பிளப்பார். மீதி என் வேலை.
மூளையைத் தூக்கினால் அடியில் ஓர் எலும்புக்குழி.
அதில் துவரம்பருப்பு விழுந்து கிடப்பதுபோல் பிட்யூட்டரி.
குழிக்குப் பேர் துருக்கிச் சேணம் என்றேன் ஒருநாள்.
"ஆட்டுத் தலைக்குள்ள குதிரைச் சேணமா?
செரி, ஏறி இருக்கப்பட்டவன் எங்க போறான்?"

அதைத்தான் காக்கா பாக்குறேன்.

நாகர்கோவில் பஸ்ஸில் பெட்டி மடியில்.
பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள், மீனா?
ஆமா, நெய்மீன்.

செல்லின் சுவர் என்று பாடப்புத்தகம் எழுதும்.
சுவரில்லை அது.
தலை தண்ணீரைப் பார்க்க
இரண்டு வால்களையும் தண்ணீருக்கு மறைத்துக்கொண்டு
பாஸ்போலிப்பிட்டுகள் நெருக்கியடித்து நிற்கிற கூட்டம்.
வள்ளம் கரையேறும் நேரம் முட்டத்தில் நிற்குமே, அப்படி.
நின்ற இடத்தில் யாரும் நிற்பதில்லை.

மேலிருந்து ஒரு சேதி வந்து தட்டும்.
கூட்டத்தில் ஒருத்தி இரண்டாக வெட்டுப்படுவாள்.
தலை உள்ளே ஓடி கால்சியத்தின் மடையைத் திறக்கும்.
வால்கள் விளிம்பிலேயே கிடந்து
வேறொருவனை உசுப்பும்.
அப்புறம்தான் பைகள் ஓரத்துக்கு வந்து
ஓரத்தோடு ஓரமாய்க் கரைந்து
வைத்திருந்ததை வெளியே விடும்,
மடிக்குப் பாலை,
சினைக்கு நாளை.

முட்டை மஞ்சளில் பிரித்த கொழுப்பைத் துளியாக்கி
ஏழு கிண்ணத்திலும் விட்டேன்.
ஆறில் புரோலாக்டின் இறங்கியது.
ஏழாவதில் ஏறியது.
பிப்பெட்டை மாற்றினேன், திரும்ப அளந்தேன்.
கரண்டு போய் வந்தபின் இன்னொரு தடவை.
ஏறித்தான் இருந்தது.

"அத விட்டுட்டுக் கோட்ட வரை" என்றார் விஜிலா மேடம்,
டீ டம்ளரைக் கழுவிக்கொண்டே.

நோட்டைப் புரட்டினேன். ஏழாம் தலை: பலா இலை.
போன் போட்டேன்.
"அதுவா? கறுப்பி. பெத்துப் பத்து நாளு.
குட்டி செத்துப்போச்சு, அதுகொண்டு வித்தாவ.
அறுக்கச்சேயும் மடி சொட்டிச்சு, பிள்ளே."

ஆறு புள்ளிகளைத் தொட்டுக் கோடு போகிறது.
மேலே, தனியே, பென்சிலால் ஒரு புள்ளி.
அழிக்கவில்லை.
பேர் எழுத இடமில்லாத கட்டம் அது.

பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.
திங்கட்கிழமைக்கு எட்டுத் தலை சொல்லவேண்டும்,
எது எது பெத்தது என்றும்
கேட்டு வைக்கவேண்டும்.