தெற்கு எல்லை

ஏழு பேர்ச்சஸ் காணிக்கு
எட்டுப் பக்கப் படிவம்.
ஐந்தாம் பக்கத்தில் ஒரு கட்டம்:
குடும்பம் இத்தோட்டத்துக்கு வந்த ஆண்டு.
'தெரியாதுன்னு போடு' என்றான் அண்ணன்.
பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல்
நான் அந்தக் கட்டத்துக்கே போய்க்கொண்டிருந்தேன்.

ஆறு நாள் லீவு போட்டேன்.

தொழிற்சாலை மாடியில்
உடைந்த தராசுகளுக்குப் பின்னால்
செக்ரோல் பேரேடுகள்.
ஈரம் குடித்துத் தடித்தவை.
பெரிய கிளாக்கர் டொமினிக் சாவியைத் தந்தார்:
'பாத்துட்டு வச்சிரு புள்ள,
தொரைக்குத் தெரிய வேணாம்.'

எங்கள் பேச்சில் பேர் என்றால் நாள்கூலி.
கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்.
பிரட்டுக்குப் பிந்தினால் பேரே இல்லை.
'இன்னைக்கு அரைப்பேருதான்' என்று
அம்மா கூடையை இறக்கும் மாலைகளில்
பவளக்கொடியில் இன்றைக்கு எந்தப் பாதி,
பவளமா கொடியா
என்று யோசித்திருக்கிறேன் சின்னதில்.

பின்னோக்கி நடந்தேன்.
ராக்கப்பன், ராகாபென், ரக்குபான்.
வெள்ளைக்காரக் காதில் விழுந்த விதத்தில்
மூன்று மாதத்தில் மூன்று ஆள்.
இலக்கம் மட்டும் மாறவில்லை: 214.

கண்டியில், 1901 குடிசன மதிப்பில்
தோட்டம் முழுவதும் ஒற்றை வரி.
ஆண் 143. பெண் 121.
அந்தக் கடைசி ஒன்றின்மேல்
விரலை வைத்துக்கொண்டிருந்தேன்,
நூலகத்தில் விளக்கணைக்கும்வரை.

நுவரெலியாக் காணிப் பதிவகத்தில் ஓர் உறுதி.
தோட்டத்தில் ஒரு துண்டை
ஒரு துரை இன்னொரு துரைக்கு விற்றது.
முப்பத்தொரு ஏக்கர், இரண்டு ரூட், ஒன்பது பேர்ச்சஸ்.
அந்த ஒன்பதையும் விடாமல் அளந்திருக்கிறார்கள்.
வடக்கே ஓடை.
கிழக்கே முடிக்குரிய காடு.
மேற்கே அடையாளம் வெட்டிய பாறை.
தெற்கே கூலி லயம்.

ஆக, உறுதியில் இருக்கிறோம்,
நிலம் முடிகிற இடமாக.

ஆறாம் நாள், கறையான் விட்டுவைத்த
கடைசிப் பேரேடு. 1886 ஐப்பசி மழை.
214, ராக்கப்பன். சிவப்பு மையில்: ஓடிவிட்டான்.
அடுத்த வரியில்,
கடன் முப்பத்திரண்டு ரூபாய்
ஒச்சாயி கணக்குக்கு மாற்றப்பட்டது.
அன்றிலிருந்து 214 அவள்.

மூன்று வருடம் கழித்துப்
பிள்ளை அரிசிப் பட்டியலில்:
ஒச்சாயி, ஆண் குழந்தை ஒன்று.
தகப்பன் இடத்தில் ஒரு கோடு,
ரூல்தடி வைத்து இழுத்தது.

ராக்கப்பன் வம்சம் என்றுதான்
கலியாணப் பத்திரிகைகளில் போடுகிறோம்.
போனில் அண்ணன் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு, 'வெளிய சொல்லிறாத.'

நான் கூட்டிக்கொண்டிருந்தேன்.
பேர், அரைப்பேர், அரைப்பேர், காய்ச்சல்,
பேர், அரைப்பேர்,
பிள்ளை பெற்ற மாதம் வெறும் தாள்,
மறுபடி அரைப்பேர்.
பதினோராம் வருடம் பங்குனியில்
கடன்: பூச்சியம்.
யாரோ அழுத்திச் சுழித்ததில்
தாள் அந்த இடத்தில் கிழிந்திருந்தது.
ஓட்டைக்குள் அடுத்த மாதம் தெரிந்தது.
அடுத்த மாதமும் 214 வேலைக்கு வந்திருக்கிறாள்.

வந்த ஆண்டு மட்டும் கிடைக்கவில்லை.
'1886க்கு முன்' என்று எழுதினேன்.
அதற்குக் கீழே, முதல் மூதாதையர்:
ஒச்சாயி.

கச்சேரியில் விமலசேன மாத்தயா
கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார்.
'இது பொம்பளைப் பேர் நே?'
ஆமா.
'முழுப்பேரா?'

முழுப்பேருதாங்க, என்றேன்.

முத்திரையைக் கோணலாகக் குத்தினார்.
அது சித்திரையில்.
நில அளவைக்காரர் இன்னும் வரவில்லை.