குறிப்பு என்னும் கட்டம்

ஊசி உடைந்தால்
எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும்.
யாரோ ஒரு ஜெர்மன் குழந்தையின் குதிகாலில்
ஆம்பூர் இரும்பு ஏறிவிடக் கூடாது.
பொறுக்கி வந்த துண்டுகளைப் பொருத்திப் பார்த்து
செல்லோடேப்பால் பதிவேட்டில் ஒட்டுவேன்.
மெஷின் எண், நின்ற நேரம், கையெழுத்து.
கடைசியில் "குறிப்பு" என்று ஒரு கட்டம்.
ஆறு வருடமாய் அது காலி.

முனை மட்டும் அகப்படாத நாளில்
லைனே நிற்கும்.
முட்டி போட்ட பெண்கள்
செல்போன் வெளிச்சத்தில் தரையைத் துழாவுவார்கள்,
இருபது நிமிடம், சில நாள் அரைமணி.

மார்ச்சிலிருந்து நாலாம் லைனில்
இரண்டு நிமிடம்.
மூன்று.
மறுபடி இரண்டு.
பொய்க்கணக்கு என்றுதான் போனேன்.

குளோரியின் மெஷினுக்கு அடியில்
லைனிங் துணி சுற்றிய ஏதோ ஒன்று.
தொட்டேன்; என் சேப்டி பின்னை இழுத்தது.
போன கிறிஸ்துமஸில் கரகரத்துச் செத்த ஸ்பீக்கரின்
காந்தம்.
அதன்மேல் மீன்முள் போல் ஒரு ஊசிமுனை.

"ஏம்மா சொல்லல?"
"சொல்லி?"

பிறகுதான் ஷமீனாவின் கதையைச் சொன்னாள்.
பாபின் தட்டை இடப்பக்கம் மாற்றினால்
ஜோடிக்கு ஆறு நொடி மிச்சம் என்றாளாம் ஷமீனா.
கைதட்டினார்கள்,
எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.
திங்கட்கிழமை போர்டில்
எண்பது தொண்ணூற்றைந்து ஆகியிருந்தது.
அந்த டிபன் பாக்ஸில்
ஒரு மாதம் அவள் தனியாகச் சாப்பிட்டாள்.

தஸ்தகீர் சாரிடம் பேர் சொல்லாமல் பேசினேன்.
"அதான் பெட்டி வெச்சிருக்கோமே,
எழுதிப் போடலாமே" என்றார்.
சாவி தேடவே ஒரு மணி நேரம்.
உள்ளே இரண்டு புளிமிட்டாய்க் காகிதம்,
போன வருடத்து லீவு லெட்டர்,
ஒரு மண்கூடு.
குளவி ஒன்று மட்டும்
தன் யோசனையைப் போட்டிருந்தது.

"நம்பர் ஏறாதுன்னு சொல்லுங்க சார்,
பெட்டியே வேணாம்."
அவர் ஃபேனைப் பார்த்தார்.
சென்னைக்குப் போன் போட்டார்.
இரண்டு நாள் ஒன்றுமில்லை.
மூன்றாம் நாள் கீழே இறங்கி வந்து
போர்டைத் துடைத்து எழுதினார்:
எண்பது. மிச்சமாகும் நிமிடம் லைனுக்கே.
கையெழுத்துப் போடும்போது
சாக்பீஸ் உடைந்தது.
"எல்லாத் துண்டும் கிடைக்கணும் சார்"
என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
அவரும் சிரித்துவிட்டார்.

உடனே யாரும் நம்பவில்லை.
ஒன்றாம் தேதி வரட்டும் என்றிருந்தார்கள்.
வந்தது. எண்பது எண்பதாகவே இருந்தது.
அன்றைக்கு டீ மேசையில்
குளோரி காந்தத்தை எடுத்து வைத்தாள்,
கருவாட்டை வைப்பது மாதிரி, டொப்பென்று.

கட்டிங் யுவராஜ் வந்தான்:
ஒரே பாயில் இரண்டு பிள்ளைகளைத்
தலைகால் மாற்றிப் படுக்க வைப்பதுபோல்
அச்சுகளை வைத்தால்
ஒரு தோலில் ஒரு நாக்கு அளவு மிச்சம்.
மாதனூர் பஸ்காரிகள்
கூரைமேல் ஈரச்சாக்கு கேட்டார்கள், மே மாதத்துக்கு.
கக்கூசுக்குத் தாழ்ப்பாள் கேட்டாள் ஒருத்தி.
"இது யோசனையா, குறையா?"
"போட்டுட்டுப் பேசுங்க."
நூலுக்கு எண்ணெய் தடவிப் பார்த்ததில்
நாற்பது ஜோடி கறையானது.
திட்டு விழுந்தது, கொஞ்சம்.
கட்டத்தில் முதன்முதலாக எழுதினேன்:
செய்து பார்த்தோம், சரிவரவில்லை.

ஷமீனா இன்னும் வாய் திறக்கவில்லை.
ஆனால் இப்போது எங்கள் மேசையில்தான் சாப்பிடுகிறாள்.
நேற்று டிபன் பாக்ஸை மூடியபடி
என் பக்கம் திரும்பாமலே
"இன்னொண்ணு இருக்கு" என்றாள்.
மணி அடித்துவிட்டது.

ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.