நூத்திப் பதிமூணு

தேவஇரக்கம்,
உம்மை ஏற்றிய வண்டி மன்னார்புரம் விலக்கைத்
தாண்டிவிட்டதாகப் போன் வந்தது.
வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.
இடது கைப் பொத்தான் சிக்கவில்லை.
தொகுதியின் முன்னாள் உறுப்பினர் இருவரில்
இனி ஒருவர்தான் என்று
பேப்பர்காரப் பையன் வாசலில் நின்று
என்னிடமே இரங்கல் செய்தி கேட்கிறான்.

என்ன சொல்ல?
நூத்திப் பதிமூணு என்றால் அவனுக்கு விளங்குமா?

பாளையங்கோட்டையில் எண்ணினார்கள்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
மறுபடி எண்ணச் சொன்னேன்.
மறுபடியும் அதே எண்.
நீர் பெஞ்சில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தீர்,
கடைசி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

உம்ம சின்னம் குடை.
'தேரிக்காட்டுல எந்த மழைக்குவே குடை?' என்று
மேடைக்கு மேடை கேட்டேன். சனம் சிரித்தது.
திசையன்விளைச் சந்தையில் நீர் ஒரே வார்த்தைதான் சொன்னீர்:
'வெயிலுக்கு.'

பதினெட்டு வருசம் கண்டக்டர்.
எந்த நிறுத்தத்தில் எவள் பீடித்தட்டோடு ஏறுவாள்,
உவரியில் மீன்கூடையைக் கூரைமேல் போட்டுவிட்டு
எவன் டிக்கெட்டுக்குத் தகராறு பண்ணுவான்,
எல்லாம் அத்துப்படி.
சில்லறை இல்லாவிட்டால்
டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுப்பீர்.
கோட்டைக்குப் போயும் அந்தப் புத்தி விடவில்லை.
மனு கொடுத்தவனுக்கெல்லாம்
துண்டுச் சீட்டில் ஒரு கிறுக்கல்: 'பாக்கி உண்டு. தே.'
சீட்டைத் தொலைக்காமல் திரும்பி வந்தவனுக்கு
வேலை நடந்ததோ இல்லையோ,
ஏச்சு விழுந்ததில்லை.

எங்கள் ஊர்ப் பெட்டியில் உமக்கு ஒன்பது ஓட்டு.
அந்த ஒன்பது பேர் யார் என்று
ஒரு மாசம் தேடித் திரிந்தேன்.
நீர் மிச்ச ஊரையும் சேர்த்துக் கணக்கெடுத்தீர்.
நம்பியாற்றில் வெள்ளம் வந்தால்
அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வழியில்லாத
அறுபத்திரண்டு பிள்ளைகள்.
அவையில் எழுந்தீராம். நாலு நிமிசம் கொடுத்தார்களாம்.
மூணாவது மணிக்கும் உட்காரவில்லையாம்.
அவைக்குறிப்பில் எங்கள் ஊர்ப் பெயரைப்
பிழையாக அச்சடித்துவிட்டார்கள் என்று
திருத்தக் கேட்டுக் கடிதம் வேறே:
கம்பியும் சிமெண்டும் தப்பான ஊருக்குப் போய்விடக் கூடாதே!

பாலம் முடிகிற நேரத்தில் தேர்தல்.
நான் ஜெயித்தேன். வித்தியாசம் ஏழாயிரம்.
ரிப்பனை வெட்டியவன் நான்.
கல்லில் பொன்னெழுத்தில் என் பெயர், என் படிப்பு.
நீரும் வந்திருந்தீர், கடைசி வரிசைக்குப் பின்னால்,
குடை பிடித்துக்கொண்டு.
பேச்சின் நடுவில் உம் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.
பக்கத்தில் மந்திரி.
சோடா குடித்தேன்.

அப்புறம் ரெண்டு தரம் நின்றீர்.
ரெண்டாம் தரம் டெபாசிட்டும் போயிற்று.
பென்சன் வந்தது, இலவச பஸ் பாஸ் வந்தது,
பாஸ் இருந்தும் நீர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
படிக்கட்டுப் பக்கத்துக் கம்பியில் சாய்ந்து நின்று
ஏறுகிறவர்களை எண்ணிக்கொண்டே வருவீர்.
என்னைக் கண்டால்,
'என்னவே கொம்பையா, உள்ள போரும், இடம் கெடக்கு.'

இப்போது வண்டி பாலத்தில் ஏறியிருக்கும்.
உம்ம சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு
அதுதானே குறுக்கு வழி.
கல்லில் பொன் எல்லாம் உதிர்ந்துவிட்டது.
என் பெயரில் முதல் எழுத்தே இல்லை.
நாலு வருசமாக நான் 'ம்பையா'.
ஆடுகள் அதில்தான் முதுகு தேய்க்கின்றன.

பையன் நகரவில்லை. நோட்டு, பேனா.
சரி, உள்ளே வா தம்பி.
முதலில் இந்தப் பொத்தானை மாட்டிவிடு.
அந்தப் பாலத்தைக் கொண்டுவந்தது யாரென்று
என்னிடம் கேள்.
கேளேன்.